ஊர்க்காரர்கள் ஏறும் மேடை

(‘சிறு நகரங்களில் தமிழ் நாடகம் இனி யாருக்காக?’ என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், பேராக் மாநிலத்தைச் சேர்ந்த நாடக இயக்குநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்தார். கைத்தொலைபேசியைத் திறந்தால் உலகத்து நாடகமெல்லாம் வந்து நிற்கிறது. அப்படியிருக்க, சம்பளமும் இல்லாமல், முறையான பயிற்சியும் இல்லாமல், பத்துப் பேர் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஏறி நின்று பேசுவதை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் மிகவும் சாதாரணமானது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்ப்பார்.

சிரிக்க வேண்டாம். அதில்தான் எங்கள் மேடையின் பலமே இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு நடிகர் குடிகாரத் தகப்பனாக வந்தால், பார்ப்பவர்களுக்கு அவர் குடிகாரத் தகப்பன் மட்டும்தான். எங்கள் ஊரில் அந்த வேடத்தைக் கட்டியவர் கோயில் நிர்வாகத்தில் பொருளாளர். காலையில் அர்ச்சனைச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் இரவில் தள்ளாடிக்கொண்டு வருகிறார். முதல் ஐந்து நிமிடம் மண்டபமே சிரித்தது. பிறகு அவர் மகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகும் கட்டம் வந்தது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. “நல்ல மனுசன், இவருக்கே இப்படி ஆகலாம்னா...” என்று எனக்கு முன் வரிசையில் இருந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தெரிந்த முகம் என்பதால் வந்த அதிர்ச்சி அது. எவ்வளவு பெரிய நடிகரை அழைத்து வந்தாலும் அதை அவரால் தர முடியாது.

வேர் இல்லாத மரம் அல்ல

சம்பளம் வாங்காமல் நடிப்பதை ஒரு குறையாகப் பேசுகிறோம். சென்னையில் 1891ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, அவரோடு சேர்ந்தவர்கள் படித்த, வேறு தொழில் பார்த்த மனிதர்கள். அவரே வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. நாடகம் ஆடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த காலத்தில், வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்தார்கள். தமிழில் அமெச்சூர் நாடகத்துக்கு வயது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது.

நம் நாட்டிலும் கதை பழையதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் ஆடின. அதைப் பார்த்து அங்கேயே முளைத்ததுதான் மலாய்ச் சமூகத்தின் பங்சாவான் நாடகம். தோட்டங்களில் திருவிழா என்றால் அரிச்சந்திரனும் பவளக்கொடியும் நல்லதங்காளும் விடிய விடிய நடந்தன. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தார். அந்தச் சீர்திருத்தக் காற்றில், புராணக் கதைகளுக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடைக்கு எதிரான நாடகங்களும் மேடையேறின. பால் வெட்டிவிட்டு வந்தவர்கள்தான் நடித்தார்கள். தண்டல் ராஜா வேடம் கட்டினால், மறுநாள் பெரட்டில் அவரை ‘ராஜா’ என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களின் கதைகளை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறிப் போனார்கள். தோட்டத்தில் நாடகம் பார்க்க யாரும் ‘வர’ வேண்டியதில்லை; எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். இன்று ஊரில் இருக்கும் தமிழர்களை ஓர் இடத்துக்கு வரவழைப்பதே நாடகக் குழுவின் முதல் வேலையாகிவிட்டது. வரவழைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஞாயிறு மாலை நான்கு மணி

எங்கள் ஊர் தைப்பிங்கிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. குழுவில் பதினான்கு பேர். ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இருவர் ஆசிரியர்கள். நால்வர் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலைமுறையில் இருக்கிறார்கள். ஒருவர் இரவுச் சந்தையில் முறுக்கும் வடையும் விற்கிறார். மீதிப் பேர் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள். இவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் பொழுது ஒரு வாரத்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் எல்லா வாரமும் கிடைக்காது. ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறரை வரை.

நாடகத்தை அதற்கேற்பத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பதினான்கு பேரும் ஒன்றாக மேடையில் நிற்கும் காட்சியை நான் எழுதுவதே இல்லை. மூன்று பேர், நான்கு பேர் காட்சிகள். ஒரு காட்சிக்காரர்கள் புதன்கிழமை இரவு ஒரு வீட்டு முன்கூடத்தில் கூடிப் பேசிப் பார்த்துவிடலாம். தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டும் எப்போதும் மாற்று ஆள் உண்டு. வேலைமுறை மாறிவிட்டால் மேடையேற்ற நாளன்று ஆள் வர முடியாது. அது அவர் குற்றமல்ல. ஆகவே அந்த வசனத்தை இன்னொருவரும் மனப்பாடம் செய்திருப்பார். அந்த இன்னொருவர் ஆறு மாதம் ஒத்திகைக்கு வந்துவிட்டு, கடைசியில் திரை இழுக்க நிற்பார். அவரைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். நோட்டீசில் அவர் பெயரையும் நடிகர் வரிசையிலேயே போடுகிறோம்.

இனி, படிக்கத் தெரியாத நடிகர் விஷயம். எல்லா ஊரிலும் இருக்கும் நிலைதான் என்றாலும் இதை யாரும் வெளியே சொல்வதில்லை. எங்கள் குழுவில் மூன்று இளைஞர்கள் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. வசனத்தை ரோமன் எழுத்தில் அடித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். செய்து பார்க்கலாம். ஆனால் அதில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், குறிலும் நெடிலும் குழம்பிவிடும். பார்த்துப் படிக்கிறவன் வாயில் வருவது தமிழாகவும் இருக்காது, அவன் வீட்டில் பேசும் பேச்சாகவும் இருக்காது. ஆகவே ஒருவர் வசனத்தைப் பேசி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார். காதால் கேட்டு மனப்பாடம் செய்கிறார்கள். பழைய கூத்து வாத்தியார்கள் இப்படித்தான் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாத கலைஞர்கள் இரவு முழுவதும் பாடி நடித்தார்களே! மூன்று மாதம் கழித்து அந்த மூவரில் ஒருவர் எழுத்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தானாக வந்து கேட்டார். மற்ற இருவரும் கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

யாருடைய தமிழ்?

நண்பர்கள் இருவரும் தரம் பற்றிப் பேசினார்கள். தரம் என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் உச்சரிப்பையும் ஒளியமைப்பையும்தான். நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். புதிதாக வரும் பையனிடம் ஒரு காட்சியைச் சொல்லி, ‘நீயே பேசு’ என்று விட்டுப் பாருங்கள். சென்னைத் தமிழில்தான் பேசுவான். சினிமாவில் கேட்ட குரல் அது. சென்னைக்கு அவன் போனதே இல்லை! அவன் வீட்டில் அப்படி யாரும் பேசுவதும் இல்லை. ஆனால் மேடை என்றால் அந்தக் குரல் வந்துவிடுகிறது. அதற்கு மறுபக்கம், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய மாணவி வந்தால், அடுப்படியில் நிற்கும் தாய் கூட மேடைப் பேச்சாளர் மாதிரி இலக்கணம் பிசகாமல் அழுவாள்.

இரண்டையும் கழற்றி வைப்பதற்கே இரண்டு மாதம் ஆகிறது. நான் செய்வது இதுதான். ‘உன் பாட்டி எப்படிச் சொல்வார்?’ என்று கேட்பேன். பாட்டியிடம் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். அப்படி வந்த சொற்கள்தான் காண்டா கம்பு, மங்கு, ஒட்டுப்பால், நிரை, ஆயாக் கொட்டகை. ‘சாப்பிட்டாயா’ என்று நான் எழுதியிருந்த இடத்தில், ‘பசியாறிட்டியா’ என்று முறுக்கு விற்கும் அக்கா ஒத்திகையில் தானாகப் பேசினார். அதுவே நிலைத்துவிட்டது. மேடையில் அந்த ஒரு சொல் வந்தபோது முன்வரிசைக் கிழவர் ஒருவர், நடிகருக்குப் பதில் சொல்வதுபோல், ‘ஆச்சு, ஆச்சு’ என்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

தமிழ்நாட்டு நாடகங்களை நான் வெறுக்கவில்லை. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ படித்துவிட்டு ஒரு வாரம் வேறு வேலை ஓடாமல் இருந்தவன் நான். ஒரு வறண்ட கிராமத்தின் கதை அது. அதை நாங்கள் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் தைப்பிங் வட்டாரத்தில் போட்டால், பார்ப்பவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். அந்த நாடகம் அங்கே செய்த வேலையை இங்கே செய்ய, நாங்கள் எங்கள் கதையைத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாம் காட்சி

எங்கள் கதை என்றேன். எடுத்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நேரத்தில் பாதியை இதற்கே வைத்திருக்கிறேன்.

ஒரு தோட்டம் கைமாறுகிறது. லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருகிறது. இதுதான் நாடகம். ஒரு கிழவர் தகரப் பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. தொழிலாளியே தோட்டத்துக்குப் பங்காளி ஆகலாம் என்று சொல்லித் திரட்டிய பணம். ‘நானும் ஒரு தோட்டத்துக்குச் சொந்தக்காரன்தான்’ என்று கிழவர் அடிக்கடி சொல்வார். அவர் குடியிருக்கும் தோட்டமோ வேறொருவருடையது. இந்தக் காட்சிகளில் யாருக்கும் தகராறு இல்லை.

மூன்றாம் காட்சியில்தான் வந்தது. குடும்பங்களெல்லாம் ஒன்றாக நின்று, மாற்று வீடு கொடுத்தால்தான் நகர்வோம் என்று முடிவு செய்கிறார்கள். அந்த இரவில் மூத்த மகன் பெற்றோருக்குத் தெரியாமல் போய், இழப்பீட்டுத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். அதன் பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்க் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஒத்திகை தொடங்கி இரண்டாவது வாரமே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. ‘எங்கள் குடும்பத்தை மேடையில் ஏற்றுகிறார்கள்’ என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் போய்ப் பார்த்தேன். பத்து நாள் கழித்து அதையே இன்னொரு குடும்பம் சொன்னது. பிறகு மூன்றாவது குடும்பம். அந்த மூன்று குடும்பங்களும் வெவ்வேறு தோட்டத்துக்காரர்கள். நான் எழுதியது எவருடைய வீட்டுக் கதையும் அல்ல. ஆனால் மூன்று வீட்டில் அது நடந்திருக்கிறது, மூன்று வீட்டாரும் தங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்தது என்று இத்தனை காலம் நினைத்துக் கொண்டிருந்திருக்கிறார்கள்.

குழுவுக்குள்ளும் இரண்டு கருத்து. பெரியவர்கள் சிலர், ‘முதலாளியைக் குறை சொல், சட்டத்தைக் குறை சொல், அது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. நம் பிள்ளைகளையே ஏன் மேடையில் நிறுத்துகிறாய்?’ என்று கேட்டார்கள். இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. தொழிலாளிகளிடம் பணம் இல்லை, வேறு வேலை இல்லை, பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் வேண்டும் என்ற நெருக்கடியில் ஒருவன் போட்ட கையெழுத்தைத் துரோகம் என்று காட்டிவிட்டால், உண்மையில் அந்த நெருக்கடியை உண்டாக்கியவர்கள் தப்பித்துக் கொள்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் காட்சியை நீக்கவில்லை, நீட்டினேன். மகன் கையெழுத்துப் போடுவதற்கு முன், அவன் மனைவியோடு கணக்குப் போடும் ஒரு சிறு காட்சி சேர்ந்தது. பால் மாவு எவ்வளவு, வாடகை வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு, மோட்டார் சைக்கிள் தவணை எவ்வளவு. ஒரு பள்ளி நோட்டும் பென்சிலும் மட்டும்தான் மேடையில். நாடகத்திலேயே எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

தாய் வேடத்தில் நடித்த அக்கா அதுவரை ஒன்றும் பேசவில்லை. கடைசியாகச் சொன்னார்: “எங்க அண்ணன் அப்படித்தான் கையெழுத்து போட்டாரு. நான் நடிக்கிறேன். அவரை வந்து பார்க்கச் சொல்லு.” அண்ணன் தங்கை இருவரும் பல ஆண்டுகளாகப் போக்குவரத்து இல்லாதவர்கள். இதை இங்கே சொல்ல இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

அண்ணன் வந்தார். பின்வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். மூன்றாம் காட்சியில் எழுந்து போய்விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். போகவில்லை. நாடகம் முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்க உதவினார். தங்கையிடம் எதுவும் பேசவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை. நாடகம் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தது என்று நான் கதை கட்ட மாட்டேன். இரண்டாவது முறை பக்கத்து ஊரில் மேடையேற்றியபோதும் அண்ணன் வந்திருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மழையும் மற்றவையும்

மேடையேற்றம் என்றால் என்ன செலவு என்று நெறியாளர் முன்பே கேட்டிருந்தார். நடிகருக்குக் காசு இல்லை என்பதால், பெரிய செலவு ஒலிபெருக்கிதான். பள்ளி மண்டபங்கள் எதிரொலிக்கும். மேடை ஓரத்தில் மூன்று ஒலிவாங்கிகளைக் கம்பத்தில் நிறுத்தினால், நடிகர்கள் நாடகம் முழுவதும் அந்த மூன்று இடத்தைச் சுற்றியே நிற்பார்கள். சட்டையில் குத்தும் ஒலிவாங்கி வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஒலிவாங்கியே இல்லாமல் நூற்றைம்பது பேருக்குக் கேட்கும்படி பேசப் பழக்குகிறோம். அதற்குக் குரல் மட்டும் போதாது. நாற்காலிகளை மேடைக்கு மிக நெருக்கமாக, மூன்று பக்கமும் போட வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அதுவும் பலிக்காது. அப்போது நடிகர்கள் அப்படியே நிற்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். வேடத்தைக் கலைக்காமல், மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை பன்னிரண்டு நிமிடம் நின்றார்கள். பார்வையாளர்களும் நடிகர்களும் ஒரே லயத்தில் ஒதுங்கி நிற்பது போல இருந்தது. எழுதி வரவழைக்க முடியாத காட்சி.

பொது இடத்தில் மேடையேற்ற உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. அதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகளை அனுப்புவது பற்றிச் சொல்ல வேண்டும். மாணவிகளின் பெற்றோருக்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு, ஒத்திகைக்கு யாராவது ஒரு தாய் கூடவே வந்து இருக்கலாம் என்பதுதான். முதலில் காவலுக்கு வந்தவர்கள், பிறகு துணி தைத்தார்கள். ஒருவருக்கு நாடகம் முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. இன்று திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாம் நின்றபோது, குழு கலைந்துவிடும் என்றே நினைத்தேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தொலைபேசியில் எல்லாரையும் இணைத்து வசனம் சொல்லவைத்தவர் அந்த அம்மா.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடத்தில் நாடக நூலும் உண்டு. அதை மாணவர்கள் குறிப்பு எழுதி, பாத்திரப் படைப்பு எழுதி, தேர்வு எழுதிவிட்டுப் போகிறார்கள். எழுந்து நின்று ஒரு பக்கத்தையாவது பேசிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் ஊரில் நாடகக் குழு இருந்தால் அவர்களை ஒரு பிற்பகல் அழையுங்கள். நாங்கள் பேருந்துக் கட்டணம்கூடக் கேட்க மாட்டோம். பேருந்து எங்களிடமே இருக்கிறது, ஓட்டுநரோடு சேர்த்து.

நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். அடுத்த நாடகம் இரவுச் சந்தையைப் பற்றியது. அதில் வயதான சீன வியாபாரி ஒருவர் வருகிறார், தமிழ் பேசுபவர். எங்கள் ஊரில் அப்படி உண்மையிலேயே ஒருவர் இருக்கிறார், தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவர். அவரிடம் நடிக்கக் கேட்டிருக்கிறேன். மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு பதில் தெரியும்.